குளிர்ந்த நீர், குறைந்த சூடு

சாந்தி துணியின் முகப்பைப் பார்க்கவே இல்லை. ஹேங்கரிலிருந்து எடுத்ததும் உள்பக்கமாகப் புரட்டி, இடுப்புத் தையலில் தொங்கிய, சலவைக் குறிகள் அச்சிட்ட வெள்ளைச் சீட்டைத்தான் முதலில் படித்தாள். தண்ணீரில் துவைக்கக்கூடாது என்று தொட்டிப் படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் எடுத்த இடத்திலேயே மாட்டினாள். இல்லாவிட்டால் துணியின் ஓரத்தைக் கைக்குள் கசக்கி, மனதுக்குள் இருபது எண்ணிவிட்டு விரல்களைத் திறந்தாள். சுருக்கம் நின்றால் அதுவும் ஸ்டாண்டுக்குத் திரும்பியது.

"நீ துணி எடுக்க வந்தியா, மருந்து பாட்டில்ல எக்ஸ்பயரி டேட் பாக்க வந்தியா?" என்றாள் ஷ்யாமளா. சாந்தியைக் காரில் அழைத்து வந்தவள் அவள்தான். சென்னைக்காரி. இருபது வருஷமாக பார்சிப்பனியில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போய் வருகிறவள்.

செப்டம்பரின் கடைசிச் சனிக்கிழமை. கார் நிறுத்துமிடத்து மரங்கள் நுனியில் மட்டும் சிவந்து, மற்ற இலைகளை என்ன செய்வதென்று தீர்மானிக்காமல் நின்றிருந்தன. காலையில் ஃபாரன்ஹீட்டில் நாற்பத்தெட்டு டிகிரி, மதியம் எழுபது, ஆபீசுக்குள் வருஷம் முழுக்க மார்கழி. இந்த மூன்றுக்கும் ஒரே உடுப்பில் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"இந்த பிளேசரப் பாரு. கம்பளி. உனக்குன்னே தச்ச மாதிரி இருக்கு."

"டிரை கிளீன்னு போட்டிருக்குதுங்க்கா."

"குடுத்து வாங்கிக்கோ. ஊர்ல எல்லாரும் அப்படித்தானே பண்றோம்?"

"ஆருங்க்கா போயிக் குடுக்கறது? ஏழு மணிக்குக் கெளம்பறேன். ஆறு மணிக்கு வாரேன். வந்தா புள்ளைக பாடம், அப்பறம் மறுநாள் வேலை."

"வெள்ளியங்கிரி வீட்லதானே இருக்கார்?"

சாந்தி அடுத்த ஸ்டாண்டுக்கு நகர்ந்தாள். துணிகளைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க்கா வேணும். மிஷின்ல போடோணும், எடுத்து உதறி மாட்டோணும், காலைல போட்டுட்டுப் போகோணும். இஸ்திரிப் பொட்டியத் தொடக்கூடாது. எங்கூட்ல ஆரு வேணும்னாலும் தோய்க்கறாப்ல இருக்கோணும்."

நான்கு வருஷமாக அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். கேமராவுக்குத் தெரியும் பாதிக்கு நல்ல குர்த்தா, தெரியாத பாதிக்குப் பழைய பைஜாமா. செப்டம்பர் முதல் வாரத்து லேபர் டே விடுமுறை முடிந்த மறுநாளிலிருந்து வாரம் ஐந்து நாளும் ஆபீசுக்கு வரவேண்டும் என்று கடிதம் வந்தது. பீரோவில் இருந்த இரண்டு பேன்ட்டுகளும் மகன் மதன் பிறப்பதற்கு முன்னால் வாங்கியவை. இரண்டாம் வாரம் மேனேஜர் சிரித்துக்கொண்டே, கேமராவில் நீ எப்போதும் நேர்த்தியாக இருப்பாயே என்றார். நேரில் அப்படி இல்லை என்கிறார் என்று, அவர் சிரித்து முடிப்பதற்குள் சாந்திக்குப் புரிந்துவிட்டது.

அது சாதாரண மாதமாக இருந்திருந்தால் அவளும் சிரித்திருப்பாள். ஆகஸ்டில் அவள் புருஷன் வெள்ளியங்கிரிக்கு வேலை போய்விட்டது. பத்து நிமிஷ வீடியோ அழைப்பில் நாற்பது பேரை அனுப்பினார்கள், அவனும் ஒருவன். அவனுடைய விசாவுக்கு அறுபது நாள் கெடு. கெடு முடியுமுன் அவனும், ஊரில் பிறந்து இரண்டு வயதில் வந்த மகள் பிரீத்தியும் சாந்தியின் விசாவுக்குக் கீழே வந்து சேர்ந்துகொண்டார்கள். இனி அவள் வேலையும் போனால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இங்கே பிறந்த மதன் மட்டும் இருக்கலாம். அவனுக்கு ஒன்பது வயது.

அன்று மூன்று பேன்ட் எடுத்தாள். அழுந்தப் பின்னிய, இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும் துணி. நீலம், காப்பிக்கொட்டை நிறம், கரும்பச்சை. உடை மாற்றும் அறையில் ஒவ்வொன்றையும் போட்டு இருபது தடவை உட்கார்ந்து எழுந்து முட்டி புடைக்கிறதா என்று பார்த்தாள். வேர்வை வாடை பிடிக்காத, பருத்தி கலந்த மேல்சட்டை நான்கு. லைனிங் இல்லாத, அதே பின்னல் துணியில் நீல ஜாக்கெட் ஒன்று. எல்லாச் சீட்டிலும் ஒரே வாசகம்: குளிர்ந்த நீர், குறைந்த சூடு.

"ஸ்கூல் யூனிஃபார்ம் வாங்கின மாதிரி இருக்கு" என்றாள் ஷ்யாமளா.

"அதேதானுங்க்கா" என்றாள் சாந்தி.

*

அவர்கள் இருந்த கட்டடம் மூன்று மாடி. நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக நான்கு துவைக்கும் மிஷின், நான்கு டிரையர். காசு ஏற்றிய கார்டைச் செருகினால் ஓடும். நேரத்துக்குப் போய் எடுக்காவிட்டால் அடுத்து வருபவர் நம் துணியை அள்ளி மேஜையில் போட்டுவிடுவார்.

சாந்தியின் வீட்டில் இரண்டு அழுக்குக் கூடைகள் இருந்தன. நீலக் கூடையில் வெள்ளியங்கிரியின் துணியும் மதனின் துணியும். வெள்ளைக் கூடையில் அவளுடையதும் பிரீத்தியுடையதும். கோபிச்செட்டிபாளையத்தில் வெள்ளியங்கிரியின் வீட்டில் ஆண்கள் துணியோடு பெண்கள் துணியை ஊறப்போடுவதில்லை. ஏனென்று யாரும் கேட்டதில்லை. சாந்தியும் கேட்கவில்லை. கலியாணமான முதல் மாதத்திலிருந்து பதினேழு வருஷம் நீலக் கூடையை முதலிலும் வெள்ளைக் கூடையைப் பின்னாலும் துவைத்தாள். கடல் தாண்டி வந்து, மிஷின் வந்து, கார்டு வந்த பிறகும் இரண்டு தடவை கார்டு செருகினாள்.

வேலை போனபின் வெள்ளியங்கிரி வீட்டு வேலையில் இறங்கினான். அதை மறைப்பதற்கில்லை. சமையல் அவனுக்கு நன்றாக வந்தது. சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப் போட்டு அவன் வைத்த அரிசிம்பருப்புச் சாதத்தை வாட்ஸாப் குழுவில் எழுபது பேர் பாராட்டினார்கள். தரைக்கு வேக்குவம் போட்டான். மதனை நீச்சலுக்குக் கூட்டிப்போனான். நீலக் கூடையைக் கீழே கொண்டுபோய்த் துவைத்து வந்தான். வெள்ளைக் கூடை சாந்தி வரும் வரை, ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தது. இதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அக்டோபர் இரண்டாம் வாரம் மதனுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை மாலை சாந்தி வீட்டுக்குள் வந்ததும் அவன் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தான். நீல ஜாக்கெட், நீலப் பேன்ட் இரண்டிலும் பட்டுவிட்டது. சனியும் ஞாயிறும் போர்வை, தலையணை உறை துவைப்பதிலேயே கழிந்தன. ஜாக்கெட்டை அலசிக் கூடையில் போட்டதோடு சரி.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு கிளையண்ட் வருவதாக இருந்தது. ஒரு மருந்துக் கம்பெனி. அவர்களுடைய மென்பொருளைச் சோதித்துச் சான்றளிப்பது சாந்தியின் குழு. ஒப்பந்தத்தை இன்னொரு வருஷத்துக்கு நீட்டுவார்களா என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பேசப்போகிறவள் சாந்தி. நீட்டாவிட்டால் குழு கலையும்.

செவ்வாய்க்கிழமை காலை ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஏனுங்க, என்ற கூடைய இன்னைக்கு எறக்கிருங்க. நாளைக்கு அந்த நீல ஜாக்கெட்டுதான் போடோணும். குளுந்த தண்ணி. டிரையர்ல கம்மிச் சூடு. முக்காவாசி காஞ்சதும் எடுத்து உதறி ஹேங்கர்ல மாட்டிருங்க. முழுசாக் காய விட்டா கோடு கோடா நின்னுக்கும்."

"செரி புள்ள" என்றான் வெள்ளியங்கிரி. இட்லிக்கு ஊறவைத்த அரிசியைக் கிரைண்டரில் போட்டுக்கொண்டிருந்தான்.

*

மாலை ஆறு மணிக்கு அவள் கதவைத் திறந்தபோது வீடு கதகதப்பாக இருந்தது. அந்த வருஷம் முதல் தடவையாக ஹீட்டரை அன்றுதான் போட்டிருந்தார்கள். சுவரோரக் கம்பிகளில் கோடை முழுக்க உட்கார்ந்திருந்த தூசி கருகும் வாசனை, அதோடு கொள்ளுப் பருப்பு வாசனை. சோபாவில் வெள்ளியங்கிரியின் சட்டைகள் ஐந்து, மதனின் டீ ஷர்ட்டுகள், துண்டுகள், எல்லாம் கடையில் அடுக்குவது போல் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

படுக்கையறையில் வெள்ளைக் கூடை நிரம்பி அப்படியே இருந்தது.

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏனுங்க, என்னதுங்க இது?"

"எது?"

"என்ற கூடை."

"கூடைய எறக்கச் சொன்ன. எறக்கித் தோச்சுட்டேன். அங்க மடிச்சு வெச்சிருக்கறன் பாரு."

"உங்க கூடைய எறக்கச் சொல்லலீங்க. இன்னைக்கு நீங்க எங்க போறீங்க, அஞ்சு சட்டை தோச்சு மடிச்சு வெக்கறதுக்கு?"

சொல்லிய உடனே அது எங்கே போய்த் தைத்தது என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. வெள்ளியங்கிரி அடுப்பை அணைத்தான்.

"எதுக்குச் சுத்தி வளைக்கற? வேலையில்லாதவன்னு நேராச் சொல்லு."

"நான் வளைக்கலீங்க. துணியப் பத்தித்தானுங்க கேக்கறேன். காலைல எத்தனை தடவை சொன்னனுங்க? ஜாக்கெட்டு நெறத்தச் சொன்னேன், தண்ணியச் சொன்னேன், சூட்டச் சொன்னேன். இன்னும் என்னங்க சொல்லோணும்?"

கோபம் ஏறஏற அவள் பேச்சில் மரியாதை கூடும். பிள்ளைகளுக்கு அது தெரியும். மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிரீத்தி பென்சிலைக் கீழே வைத்தாள். மதன் டிவியின் சத்தத்தைத் தானாகவே குறைத்தான்.

"மறந்துட்டேன்னு வெச்சுக்கோ" என்றான் வெள்ளியங்கிரி.

"மறக்கலீங்க. கூடைக்கு மேல சோப்புத் தண்ணி டப்பா இருக்குது. கீழ கொண்டுபோயிருக்கறீங்க. கொண்டுபோயிட்டுத் திருப்பிக் கொண்டாந்திருக்கறீங்க."

அவன் கரண்டியை அடுப்பருகே வைத்தான். பிறகு, "கீழ மிஷின்கிட்ட மூணாம் மாடி சுந்தரராமன் சார் இருந்தாரு" என்றான்.

"இருந்தா?"

"இன்னும் ரெண்டு பசங்க இருந்தாங்க. புதுசா வந்தவங்க. தமிழ்ப் பசங்க. நான் கூடையோட உள்ள போறேன், என்ன வெள்ளியங்கிரி, ப்ரமோஷனான்னு கேக்கறாரு. பசங்க சிரிக்கறாங்க. மேல உன்ற… உள்துணியெல்லாம் கெடக்குது. நான் என்ன பண்றது?"

"மிஷின்ல போடறது."

"உனக்குச் சொல்ல நல்லா இருக்கும் புள்ள. எங்கூட்ல ஆம்பளைக அதெல்லாம் தொடறதில்ல. உனக்குத் தெரியாதா?"

"உங்களுது நான் தொட்டனுங்களே? பதினேழு வருஷம் தொட்டனே. உங்க ஜட்டிக்கு எங்க கிழிஞ்சிருக்குதுன்னு உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னால எனக்குத் தெரியுமுங்களே. நான் வேலைக்குப் போயிட்டேதானுங்க அதையும் பண்ணுனேன். அப்ப எனக்கு ஆராச்சும் ப்ரமோஷன் குடுத்தாங்களா?"

"அதும் இதும் ஒண்ணா?"

"எப்படீங்க ஒண்ணில்ல? நீங்களே சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"டாட், இட்ஸ் ஜஸ்ட் எ பட்டன்" என்றாள் பிரீத்தி, மிஷினை ஓட்டுவதுபோல் ஒரு விரலால் காற்றில் அமுக்கிக் காட்டி.

"நீ படி" என்றார்கள் இருவரும்.

வெள்ளியங்கிரி குரலைத் தாழ்த்தினான். "சமைக்கறேன். பாத்திரம் தேய்க்கறேன். பையனுக்கு வாந்தி அள்ளுனேன். அதெல்லாம் கணக்குல இல்ல, இது ஒண்ணுதான் தெரியுதா?"

"சமைச்சாப் போட்டோப் புடிச்சுப் போடலாமுங்க. நாலு பேரு கை தட்டுவாங்க. இதுக்கு ஆரும் தட்டமாட்டாங்க. அதனாலதானுங்க இது என்னோடது." அவள் கண்ணில் நீர் வந்தது. அதுவும் கோபத்தால்தான். "கடைல மூணு மணி நேரம் நின்னனுங்க. நல்லா இருந்ததெல்லாம் வெச்சுட்டு வந்தேன். ஒரு சின்னப் புள்ளகூடத் தோய்க்கறாப்ல பாத்துப் பாத்து எடுத்தேன். உங்களுக்குச் செரமம் வரக்கூடாதுன்னு எடுத்தேன். நாளைக்கு அந்த ரூம்ல நான் வாயத் தொறக்கறதுக்கு மொதல்ல என்ற துணியத்தானுங்க பாப்பாங்க. என்ற துணி ஒழுங்கா இருந்தா நம்ம நாலு பேரும் இங்க இருக்கறோம்."

பிறகு வெள்ளைக் கூடையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஆபீஸ் ஷூவோடு படியிறங்கினாள்.

*

நிலவறையில் சுந்தரராமன் இருந்தார். மூன்றாம் மாடிக்காரர், அறுபதை நெருங்குபவர், யாரைப் பார்த்தாலும் பேச்சுக் கொடுக்காமல் விடமாட்டார். டிரையரிலிருந்து தன் துண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா சாந்தி, காலைலதான் சாருக்கு ப்ரமோஷன் குடுத்தோம். ஒரே நாள்ல ரிசைன் பண்ணிட்டாரா?"

சாந்தி துணிகளை ஒவ்வொன்றாக மிஷினுக்குள் போட்டாள். ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டாள். குமிழைக் குளிர்ந்த நீருக்குத் திருப்பி, கார்டைச் செருகிவிட்டுத் திரும்பினாள்.

"அங்கிள், அவருக்கு வேல போயி ரெண்டு மாசம் ஆச்சு. உங்களுக்கும் தெரியும். அதுல சிரிக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

"சேச்சே, சும்மா தமாஷ்மா. நமக்குள்ள என்ன?"

"எனக்குச் சிரிப்பு வரலீங்க."

அவர் துண்டை உதறினார். பிறகு மறுபடியும் அதே துண்டை உதறினார்.

மேலே வந்து கை கழுவிவிட்டு சாந்தி நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"மிஷின்ல போட்டாச்சு. இருபத்தெட்டு நிமிஷம். அப்பறம் எடுத்து டிரையர்ல போடோணும், முக்காவாசி காஞ்சதும் கொண்டாரோணும். ரெண்டும் நீங்க பண்ணுங்க. நான் இனிக் கீழ போகமாட்டேன்."

"போகாட்டி நாளைக்கு எதைப் போட்டுட்டுப் போவ?"

"இந்தப் பச்சைப் பேன்ட்டு. மத்தியானம் சாம்பார் சிந்துனது. இதையே போட்டுட்டுப் போறேன். கிளையண்டு வேண்டாம்னு சொல்லட்டும். எல்லாரும் ஒட்டுக்கா ஊருக்குப் போயிரலாம்."

அவள் மிரட்டவில்லை. நாளை மழை வரும் என்பது போலச் சொன்னாள். அதுதான் வெள்ளியங்கிரியைத் தொட்டது.

பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள்.  வெளியே யாரோ கடைசி வெளிச்சத்தில் இலை ஊதும் இயந்திரத்தை ஓட்டினார்கள். அந்த இரைச்சல் வாசலுக்கு வருவதும் போவதுமாக இருந்தது. சாந்தி கிளையண்டிடம் சொல்லவேண்டியதை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஏழு மணி. இந்நேரம் மிஷின் நின்றிருக்கும். ஏழரைக்கு ஈரத் துணிகளை யாராவது அள்ளி மேஜையில் போட்டிருப்பார்கள். வெள்ளியங்கிரி கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினான்.

ஏழே முக்காலுக்கு பிரீத்தி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "ஓகே, ஐ வில் கோ."

"உக்காரு" என்றாள் சாந்தி.

"அம்மா, இட்ஸ் நாட் எ பிக் டீல்."

"உக்காருன்னேன்."

"புள்ள போனா என்ன?" என்றான் வெள்ளியங்கிரி.

"பதினஞ்சு வயசுல இவ போனா அம்பது வயசு வரைக்கும் இவதான் போகோணும்."

பிரீத்தி அப்பாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அவன் என்ன செய்வான் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் மட்டும் இருந்தது. வெள்ளியங்கிரி கையைத் துடைத்துக்கொண்டு, சோபாவில் மடித்திருந்த துண்டுகளில் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப்போனான்.

ஒரு மணி நேரம் வரவில்லை. வந்தபோது கூடையின் மேல் அந்தத் துண்டு நான்கு மூலையும் உள்ளே செருகப்பட்டு இறுக்கமாக மூடியிருந்தது. சாந்தி துண்டை எடுத்தாள். துணிகள் சருகாய்க் காய்ந்து, அழுந்தித் திணிக்கப்பட்டு, ஜாக்கெட்டின் மார்பில் குறுக்காக மூன்று மடிப்பு விழுந்திருந்தது.

"முழுசாக் காய விட்டுட்டீங்க."

"மத்தவங்க போற வரைக்கும் நின்னுட்டிருந்தேன்."

"இந்தத் துண்டு எதுக்குங்க?"

"தூசி படும்னு."

"தூசியா?"

 சாந்தி அந்தத் துண்டைக் குழாயடிக்குக் கொண்டுபோய் நனைத்து, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தாள். அவ்வளவு பலம் அதற்குத் தேவையே இல்லை. ஜாக்கெட்டையும் நீலப் பேன்ட்டையும் ஒரு மேல்சட்டையையும் தனியே எடுத்து, ஈரத் துண்டோடு அவன் கையில் வைத்தாள். மேலே மூன்று ஹேங்கர்.

"இதெல்லாம் ஒட்டுக்காப் போட்டு கம்மிச் சூட்டுல பத்து நிமிஷம் ஓட்டுங்க. துண்டு ஆவில மடிப்பு விட்டுரும். பக்கத்துலயே நில்லுங்க. நின்னதும் அங்கயே ஹேங்கர்ல மாட்டி, கையில தொங்க விட்டுட்டு வாங்க. கூடை வேண்டாம்."

"என்ற துண்டு கூடவா?"

"ஆமாங்க. உங்க துண்டு கூடத்தான்."

அவன் பிள்ளைகளைப் பார்த்தான். மதன் டிவியை நிறுத்திவிட்டிருந்தான். பிறகு வெள்ளியங்கிரி திரும்பிப் போனான். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் கதவைச் சாத்தவில்லை.

திறந்த கதவு வழியாக மாடிப்படியின் சில்லிப்பு உள்ளே வந்தது. சாந்தி எழுந்து சாத்தவில்லை. ஒன்பதாவது ஸ்லைடைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைப் படிக்காமல் உட்கார்ந்திருந்தாள். கீழே டிரையர் நின்று மணியடித்தது கேட்டது. நிலவறைக் கதவு கிரீச்சிட்டது. படியில் காலடிச் சத்தம். முதல் திருப்பத்தில் இன்னொரு காலடி, மேலிருந்து இறங்குவது. அப்புறம் சுந்தரராமனின் குரல்:

"அட, என்ன வெள்ளியங்கிரி, கையோட லாண்டரி டெலிவரியா?"

காலடி இரண்டும் நின்றன. பிரீத்தி கதவைப் பார்த்தாள்.

"என் சம்சாரத்துத் துணிங்க சார்." வெள்ளியங்கிரியின் குரல் நடுங்கியது. ஆனால் படி முழுக்கக் கேட்டது. "நாளைக்கு அவ ஆபீஸ் போகோணும். அவ சம்பளத்துலதான் நாங்க இருக்கறோம். வேற ஏதாச்சும் கேக்கோணுமுங்களா? இருந்தா இப்பவே கேட்டுருங்க சார். நாளான்னிக்கும் நான் வருவேன், தெனமும் நின்னு பதில் சொல்ல முடியாது."

"ஏம்ப்பா, நான் சும்மா…"

"நீங்க சும்மாதானுங்க கேட்டீங்க. தெரியும்."

காலடி மறுபடியும் ஏறியது. வெள்ளியங்கிரி மூன்று ஹேங்கரையும் ஒரு கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். மூச்சு வாங்கியது. முகம் கறுத்திருந்தது. குளியலறைக் கதவின் கொக்கியில் ஹேங்கர்களை மாட்டினான். மூன்றாவது இரண்டு தடவை நழுவியது.

சாந்தி எழுந்து வந்து ஜாக்கெட்டைப் பார்த்தாள். மார்பில் மடிப்பு போயிருந்தது. இடது கையில் ஒன்று லேசாக நின்றது. கையை மடித்து உட்கார்ந்தால் தெரியாது.

"தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள்.

"வேண்டாம்."

"வெள்ளிக்கெழமை போடற துணிய வியாழக்கெழமையே மிஷின்ல போடோணும்."

"போடறேன்" என்றான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான், அங்கே ஏதாவது இளகியிருக்கிறதா என்று.

இளகவில்லை. சாந்தி போய் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, காலையில் அந்த அறையில் சொல்லவேண்டிய முதல் வாக்கியத்தை, இந்தத் தடவை வாய்விட்டுச் சத்தமாகச் சொன்னாள்.